3 பவுண்டில் ஒரு பிறப்புப் பதிவு: இங்கிலாந்தின் ஜி.ஆர்.ஓ. சேவையில் மூன்று மாதம் தேடிய கதை

ஐந்து நட்சத்திரத்துக்கு நாலரை கொடுக்கிறேன். இங்கிலாந்து அரசின் ஜெனரல் ரெஜிஸ்டர் ஆபீஸ், சுருக்கமாக ஜி.ஆர்.ஓ., அவர்களுடைய இணையதளத்தில் பழைய பிறப்பு, இறப்புப் பதிவுகளைத் தேடிப் பார்த்து, வேண்டிய பதிவின் படத்தைக் காசு கட்டி வாங்கும் சேவை இருக்கிறது. இதைத் தமிழில் யாரும் எழுதி நான் பார்த்ததில்லை. பெங்களூரிலும் கோலார் தங்கவயலிலும் போத்தனூரிலும் ஜோலார்பேட்டையிலும் ஆங்கிலோ இந்தியக் குடும்பங்கள் எத்தனையோ இருக்கின்றன, அவர்களோடு பக்கத்துப் பக்கத்து வீட்டில் வாழ்ந்த நம் ஆட்களும் இருக்கிறார்கள், யாருக்காவது உதவும் என்றுதான் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

லிங்கராஜபுரத்தில் எங்கள் பக்கத்து வீட்டு ஆன்ட்டிக்கு 82 வயது. ரயில்வே குடும்பம். இங்கிலீஷ் ஒரு பக்கம் இருக்கட்டும், அவர் பேசும் கண்டோன்மென்ட் தமிழுக்கு முன்னால் என் தமிழ் நிற்காது. முப்பது வருஷத்துக்கு மேல் ஒன்றாம் வகுப்பு டீச்சராக இருந்தவர், இந்த ஏரியாவில் பாதிப் பேருக்குக் கையைப் பிடித்து ஏ பி சி எழுத வைத்தது அவர்தான், என் அண்ணன் உட்பட. போன ஜூன் மழையில் அவர் வீட்டுச் சுவர் ஓதம் ஏறி அலமாரிக்குள் இருந்த பழைய பைபிள் நனைந்துவிட்டது. அதன் முதல் பக்கத்தில்தான் குடும்பத்தில் பிறந்தவர்கள், செத்தவர்கள் பெயரெல்லாம் எழுதியிருந்தது. மின்விசிறிக்கு அடியில் வைத்து ஒவ்வொரு தாளாகப் பிரித்து உலர்த்தினோம். அப்போதுதான் என்னைக் கேட்டார். "எங்க ஆளுங்க பெரிய வீட்டுக்காரங்க, அங்க நெலமெல்லாம் இருந்துச்சுன்னு எங்க டாடி சொல்லுவாரும்மா. நெஜமா பொய்யான்னு நீ கம்ப்யூட்டர்ல பாத்துச் சொல்லு. நான் கண்ண மூடறதுக்குள்ள தெரிஞ்சிக்கணும்."

பைபிளில் இருந்தது இவ்வளவுதான்: ஆன்ட்டியின் கொள்ளுத்தாத்தா ஜேம்ஸ், ஊர் இங்கிலாந்தின் டோர்செட் மாவட்டம், பட்டாளத்தில் வந்தவர், 1869-இல் பெங்களூர் ஹோலி டிரினிட்டி சர்ச்சில் கல்யாணம். நம்ம எம்.ஜி. ரோடு கிழக்கு முனையில் இருக்கிறதே, பிரிட்டிஷ் சிப்பாய்களுக்காக 1851-இல் கட்டிய அந்தச் சர்ச்தான். பட்டாளத்தை விட்ட பிறகு அவர் மெட்ராஸ் ரயில்வேயில் சேர்ந்திருக்கிறார். ஜோலார்பேட்டையிலிருந்து கண்டோன்மென்ட்டுக்கு ரயில் ஓட ஆரம்பித்தது 1864-இல், அதனால் காலம் பொருந்துகிறது. குடும்பப் பெயரை நான் இங்கே எழுதவில்லை, ஆன்ட்டி வேண்டாம் என்றார்.

முதலில் நாங்கள் போனது ஜி.ஆர்.ஓ.வுக்கு இல்லை. எல்லோரும் போகிற மாதிரி வம்சம் தேடும் ஒரு பெரிய சந்தாத் தளத்துக்குப் போனோம். பெயர் சொல்லப்போவதில்லை. இலவசமாகப் பார்க்கலாம் என்று சொல்லி கார்டு எண்ணை வாங்கிக்கொண்டார்கள், பெயரையும் ஊரையும் போட்டதும் அரை மணி நேரத்தில் ஆறு தலைமுறை வந்து நின்றது. ஆன்ட்டிக்கு ஒரே சந்தோஷம், எனக்கும்தான். வேறு 41 பேர் போட்டு வைத்திருந்த வம்சாவளிகளில் அதே ஜேம்ஸ் இருந்தார், 1840-இல் டோர்செட்டில் பிறந்தவர், அப்பா ஜான், அம்மா ஹானா. 41 பேர் சொன்னால் தப்பாகவா இருக்கும் என்று நினைத்துவிட்டேன். இலவச நாட்கள் முடிந்த மறுநாள் கார்டிலிருந்து ஒரு வருஷச் சந்தா போய்விட்டது, அதைத் திரும்ப வாங்க நான் எழுதிய மின்னஞ்சல்களை எண்ணினால் இன்னொரு கட்டுரை வரும். அது கிடக்கட்டும். பணத்தைவிட எனக்கு வலித்தது, அந்த 41 பேரும் ஒருவரைப் பார்த்து ஒருவர் எழுதியிருக்கிறார்கள், ஒருவர்கூட மூலப் பதிவைத் திறந்து பார்க்கவில்லை என்பதுதான்.

இங்கேதான் ஜி.ஆர்.ஓ. வருகிறது.

இங்கிலாந்திலும் வேல்ஸிலும் பிறப்பு, இறப்பு, கல்யாணத்தை அரசு பதிவு செய்ய ஆரம்பித்தது 1837 ஜூலை 1. அதற்கு முன்னால் எல்லாம் சர்ச் ரெஜிஸ்டர்தான். மூன்று மாதத்துக்கு ஒரு அட்டவணை போடுவார்கள், மார்ச், ஜூன், செப்டம்பர், டிசம்பர் காலாண்டு என்று. பழைய அட்டவணையில் பிறந்த குழந்தையின் பெயர், பதிவு மாவட்டம், தொகுதி எண், பக்க எண், அவ்வளவுதான் இருக்கும். அம்மாவின் பிறந்த வீட்டுக் குடும்பப் பெயர் அதில் 1911-இன் செப்டம்பர் காலாண்டிலிருந்துதான் வருகிறது. ஆனால் ஜி.ஆர்.ஓ. தன் தளத்துக்காகப் புதிதாகத் தயாரித்த அட்டவணையில் 1837-லிருந்தே அம்மாவின் குடும்பப் பெயரைச் சேர்த்திருக்கிறார்கள். இறப்பு அட்டவணையில் செத்தபோது என்ன வயது என்பதும் 1837-லிருந்தே இருக்கிறது, பழையதில் அது 1866-இல்தான் தொடங்கும். இந்த இரண்டு தகவல்தான் சார் எல்லாமே. கூலிக்காரக் குடும்பத்தைத் தேடுகிறவர்களுக்கு இதைவிடப் பெரிய உதவி கிடையாது.

ஏன் என்றால், நிலம் இருந்தவனுக்குப் பத்திரம் இருக்கும், உயில் இருக்கும், கல்லறையில் பெயர் வெட்டிய கல் இருக்கும். கூலிக்காரனுக்கு இது எதுவும் இல்லை. ஜான், வில்லியம், ஜேம்ஸ், மேரி என்று நாலைந்து பெயரையே ஊர் முழுக்கச் சுற்றிச் சுற்றி வைத்திருப்பார்கள், நம் கிராமத்தில் ஒரே குலசாமி பெயரில் தெருவுக்கு நாலு பேர் இருக்கிற மாதிரி. ஒரே பதிவு மாவட்டத்தில் ஒரே பெயரில் ஒரே வயதில் இரண்டு பேர் இருந்தால் எப்படிப் பிரிப்பது? அம்மாவை வைத்துத்தான்.

பிறப்புத் தேடலுக்குக் குடும்பப் பெயர், ஆணா பெண்ணா, வருஷம், இவை வேண்டும். முன்பின் இரண்டு வருஷம் சேர்த்துத் தேடலாம். டோர்செட்டில் இருக்கும் பிளாண்ட்ஃபோர்ட் பதிவு மாவட்டம், தொகுதி 8, அதில் ஜேம்ஸ் இரண்டு பேர் வந்தார்கள். ஒன்று 1840 டிசம்பர் காலாண்டு, இன்னொன்று 1841 மார்ச் காலாண்டு. அம்மாக்களின் குடும்பப் பெயர் வேறு வேறு. பெங்களூர் கல்யாணப் பதிவில் மாப்பிள்ளையின் அப்பா பெயர் ஜான் என்று மட்டும் இருக்கிறது, அது எனக்குப் போதவில்லை, இரண்டு குழந்தைக்கும் அப்பா ஜானாகவே இருந்துவிட்டால் என்ன செய்வது? இன்னொரு விஷயம், குழந்தை பிறந்து 42 நாளுக்குள் பதிந்தால் போதும், அதனால் நவம்பர் கடைசியில் பிறந்த குழந்தை மார்ச் காலாண்டில் வரலாம். காலாண்டைப் பார்த்துப் பிறந்த மாதத்தை முடிவு செய்யாதீர்கள்.

இரண்டு படத்தையும் வாங்கினோம். டிஜிட்டல் இமேஜ் ஒன்றுக்கு 3 பவுண்டு, நம் காசில் 300 ரூபாய்க்குக் கொஞ்சம் மேல். கார்டில் வெளிநாட்டுப் பரிவர்த்தனையை முதலில் திறந்து வைத்துக்கொள்ளுங்கள், நான் அதை மறந்து ஒரு சாயந்தரம் போனது. காசு கட்டியவுடன் படம் நம் கணக்கில் வந்துவிடுகிறது, தபாலுக்குக் காத்திருக்க வேண்டாம். அது சான்றிதழ் இல்லை, கோர்ட்டுக்கோ பாஸ்போர்ட்டுக்கோ ஆகாது, ரெஜிஸ்டரில் அந்த ஒரு பதிவு மட்டும் வெட்டியெடுத்த படம். வம்சம் தேட அது தாராளமாகப் போதும். அதிக விலையில் பி.டி.எஃப்.பும், தபாலில் வரும் சான்றிதழும் தனியாக இருக்கின்றன. சான்றிதழை வாங்கிச் சட்டம் போட்டு மாட்டுகிறவர்கள் வாங்கலாம், தேடுகிற கட்டத்தில் அது தேவையே இல்லை.

பயந்த மாதிரியே ஆனது. முதல் ஜேம்ஸின் அப்பா ஜான், தொழில் லேபரர், அம்மா ஹானா. இரண்டாவது ஜேம்ஸுக்கும் அப்பா ஜான், அவரும் லேபரர், அம்மா மேரி. பக்கத்துப் பக்கத்துக் கிராமம். அந்தப் பக்கத்தில் வின்டர்போர்ன் என்று ஆரம்பிக்கும் ஊர்களே வரிசையாக இருக்கின்றன, வின்டர்போர்ன் ஸ்டிக்லண்ட், வின்டர்போர்ன் ஹௌட்டன், வின்டர்போர்ன் ஒயிட்சர்ச் என்று. வின்டர்போர்ன் என்றால் குளிர்காலத்தில் மட்டும் தண்ணீர் ஓடும் ஓடை, வெயில் காலத்தில் வறண்டு கிடக்கும். நம் ஊர்க் காட்டாறு மாதிரி. ஸ்காட்லாந்து தேசிய நூலகத்தின் தளத்தில் இங்கிலாந்துக்கும் சேர்த்துப் பழைய சர்வே வரைபடங்கள் இலவசமாக இருக்கின்றன. அதில் இரண்டு ஊரையும் பார்த்தோம், ஒரு வீடு, ஒரு கிணறு, ஒரு நடைபாதை விடாமல் வரைந்திருக்கிறார்கள்.

யார் நம் ஜேம்ஸ் என்று தெரியாமல் இரண்டு வாரம் ஓடியது. அப்புறம்தான் இறப்பு அட்டவணையில் தேடத் தோன்றியது. பெரியவர்களின் இறப்பைத்தான் எல்லோரும் தேடுவார்கள், குழந்தைகளின் இறப்பைத் தேட யாருக்கும் தோன்றுவதில்லை. பிளாண்ட்ஃபோர்ட், 1844, ஜேம்ஸ், வயது 3. இன்னொரு 3 பவுண்டு. படம் வந்தது. லேபரர் ஜானின் மகன், ஸ்கார்லட் காய்ச்சல், தகவல் கொடுத்தவர் ஹானா, சாகும்போது கூட இருந்தவர், கையெழுத்துக்குப் பதிலாகப் பெருக்கல் குறி.

அந்த 41 பேரும் தங்கள் முன்னோர் என்று போட்டு வைத்திருந்தது இந்தக் குழந்தையைத்தான். மூன்று வயதில் காய்ச்சலில் போன பிள்ளைக்குப் பட்டாள வேலை கொடுத்து, கல்யாணம் செய்து, பேரன் பேத்தி வரை இழுத்துவிட்டிருந்தார்கள். எனக்கு அன்று ராத்திரி தூக்கம் வரவில்லை. ஹானாவின் பிள்ளை அது. அவள் கூடவே உட்கார்ந்திருந்து, விடிந்ததும் போய்ச் சொல்லி, எழுதத் தெரியாத கையால் குறி போட்டுவிட்டு வந்திருக்கிறாள். அதை ஒருவராவது திறந்து பார்த்திருக்க வேண்டாமா?

அப்படியானால் நம் ஜேம்ஸ் மேரியின் மகன். ஆனால் ஒருவர் இல்லை என்றால் மற்றவர்தான் என்று முடிவு கட்டிவிடக் கூடாது, அதற்கும் ஒரு ஆதாரம் வேண்டும் என்று நினைத்துக்கொண்டேதான் மறுநாள் ஆன்ட்டிக்குப் போன் செய்தேன். அம்மா பெயர் மேரி, பிறந்த வீட்டுக் குடும்பப் பெயர் இது என்று ஒவ்வொரு எழுத்தாகச் சொன்னேன். அந்தப் பக்கம் சத்தமே இல்லை. லைன் கட்டாகிவிட்டது என்று நினைத்தேன். "அது என் பேரும்மா," என்றார். அவருடைய ஞானஸ்நானப் பெயர்களில் நடுவில் வருவது அது. பள்ளிக்கூடத்தில் வருகைப் பதிவு எடுக்கும்போது மற்ற பிள்ளைகள் சிரிப்பார்களாம், பெண் பெயரும் இல்லை, ஆண் பெயரும் இல்லை, இது என்ன பெயர் என்று. அவருடைய அத்தைக்கும் அதே நடுப்பெயர், பாட்டனாரின் தங்கைக்கும் அதே. இங்கிலாந்துக் குடும்பங்களில் அம்மாவின் பிறந்த வீட்டுப் பெயரைப் பிள்ளைக்கு நடுப்பெயராக வைப்பது வழக்கம். 1870-களில் பெங்களூரில் பிறந்த தன் மகளுக்கு ஜேம்ஸ் தன் அம்மாவின் பெயரை வைத்திருக்கிறார், அது காரணம் மறந்துபோய், பெயர் மட்டும் கை மாறி கை மாறி இந்த லிங்கராஜபுரம் வீடு வரை வந்திருக்கிறது.

மற்ற சேவைகளைப் பற்றியும் கொஞ்சம் சொல்ல வேண்டும், ஜி.ஆர்.ஓ. மட்டும் இருந்தால் இது நடந்திருக்காது.

ஃபேமிலிசர்ச் என்ற வம்சாவளித் தளம் முழுக்க இலவசம், கணக்கு மட்டும் தொடங்க வேண்டும். பெங்களூர் கல்யாணத்தையும் குழந்தைகளின் ஞானஸ்நானத்தையும் அங்கேதான் கண்டுபிடித்தேன். பெங்களூர் மைசூர் ராஜ்யத்தில் இருந்தாலும் கண்டோன்மென்ட் சர்ச் பதிவுகளின் நகல்கள் மெட்ராஸ் வழியாக லண்டனுக்குப் போயின, இப்போது பிரிட்டிஷ் நூலகத்தில் என்/2 என்ற வரிசையில் இருக்கின்றன. வங்காளம் என்/1, பம்பாய் என்/3. இந்தியாவில் இருந்த பிரிட்டிஷ் குடும்பங்களுக்கென்றே ஃபிபிஸ் என்று ஒரு சங்கம் இருக்கிறது, அவர்களுடைய தேடல் பக்கமும் இலவசம். இந்தியப் பக்கத்தை முதலில் முடித்துவிட்டு அப்புறம் கடல் தாண்டுங்கள். கல்யாணப் பதிவில் அப்பாவின் பெயர் கிடைத்திருக்காவிட்டால் நாங்கள் டோர்செட்டில் எத்தனையோ ஜேம்ஸ்களுக்கு நடுவே நின்றுகொண்டிருப்போம்.

இங்கிலாந்தில் சென்சஸ் பத்து வருஷத்துக்கு ஒன்று. 1841-ஐ நம்பி வயதைக் கணக்குப் போடாதீர்கள், 15 வயதுக்கு மேற்பட்டவர்களின் வயதை ஐந்தின் மடங்காகக் குறைத்து எழுதச் சொன்னார்கள், 34 வயதுக்காரர் அதில் 30 என்றிருப்பார். வீட்டில் யாருக்கு யார் என்ன உறவு என்பதும் இருக்காது, பிறந்த ஊரும் இருக்காது, அதே மாவட்டமா இல்லையா என்பது மட்டும்தான். 1851-லிருந்துதான் உறவு, சரியான வயது, பிறந்த ஊர் எல்லாம் வருகிறது. ஜான் பெயருக்கு நேரே 'ஏஜி லேப்' என்று இருந்தது. விவசாயக் கூலி என்பதன் சுருக்கம், டோர்செட் பக்கங்களில் மேலிருந்து கீழ் வரை அதுதான், அடுத்தடுத்த வீடு, ஏஜி லேப், ஏஜி லேப். 10 வயது ஜேம்ஸுக்கு நேரே 'உழவுப் பையன்' என்று எழுதியிருந்தது. கலப்பை இழுக்கும் குதிரையை நடத்திக்கொண்டு போகிற வேலை. பள்ளிக்கூடம் இல்லை.

எழுத்துப் பிழைகளுக்குத் தயாராக இருங்கள். டோர்செட் பேச்சில் எஃப் வி ஆகிவிடும், எஸ் இசட் ஆகிவிடும். சொல்கிறவருக்கு எழுதத் தெரியாது, எழுதுகிறவர் காதில் விழுந்ததை எழுதுவார். ஆன்ட்டி குடும்பத்துப் பெயர் ஒரு ஞானஸ்நானப் பதிவில் வி-யில் தொடங்கியது, எஃப்-இல் தேடித் தேடி எனக்கு நாலு நாள் போனது. நம் ரேஷன் கார்டில் ஒரு ழகரம் படும் பாட்டைப் பார்த்தவர்களுக்கு இது புதிதாக இருக்காது.

கல்யாணப் பதிவுகள் ஜி.ஆர்.ஓ.வின் தேடலில் இல்லை. அரை நட்சத்திரம் அதற்காகத்தான் குறைத்தேன். அதற்கு ஃப்ரீபிஎம்டி என்ற தளத்துக்குப் போக வேண்டும், 1998-லிருந்து தன்னார்வலர்கள் உட்கார்ந்து பழைய அட்டவணையைத் தட்டச்சு செய்து இலவசமாகக் கொடுக்கிறார்கள், அவர்களுக்குக் கோடி நன்றி. இன்னொன்று, இந்த 3 பவுண்டு படம் எல்லா வருஷத்துக்கும் கிடைக்காது, இறப்புப் பதிவென்றால் 1887 வரைதான். ஆண் பெண் இரண்டையும் தனித்தனியாகத் தேட வேண்டும் என்பதால் ஒரு குடும்பத்துப் பிள்ளைகள் எல்லோரையும் எடுக்க இரண்டு மடங்கு நேரம் ஆகும். ஆனால் எடுத்துப் பாருங்கள். 1851 சென்சஸில் ஜான், மேரி வீட்டில் பிள்ளைகள் ஐந்து பேர். ஜி.ஆர்.ஓ. அட்டவணையில் அதே இரண்டு குடும்பப் பெயரும் சேர்ந்து வரும் பிறப்பு, 1851-க்குள் எட்டு. மூன்று குழந்தைகள் இரண்டு சென்சஸுக்கு நடுவில் பிறந்து நடுவிலேயே போயிருக்கிறார்கள். அம்மா பெயரை வைத்துத் தேடியிருக்காவிட்டால் அந்த மூன்று பேர் இருந்ததே யாருக்கும் தெரிந்திருக்காது. 1875 வரை பதியாமல் விட்டால் பெற்றோருக்குப் பெரிய தொந்தரவு ஒன்றும் கிடையாது, அதனால் இந்த எட்டும் முழுக் கணக்கு என்றும் சொல்ல முடியாது, ஞானஸ்நானப் பதிவையும் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

நம் ஜேம்ஸின் பிறப்புப் பதிவுப் படத்திலும் மேரி பெயருக்கு நேரே அதே மாதிரி ஒரு பெருக்கல் குறி இருக்கிறது, அதைப் பற்றி ஒரு விஷயம். அது மேரியின் கை இல்லை. ஊர்ப் பதிவாளரிடம் இருந்த மூலத்திலிருந்து நகல் எடுத்து லண்டனுக்கு அனுப்பினார்கள், ஜி.ஆர்.ஓ.விடம் இருப்பது அந்த நகல், குறியையும் நகல் எடுத்தவர்தான் போட்டார். இதைச் சொன்னதும் ஆன்ட்டியின் முகம் வாடிவிட்டது. அதனால் டோர்செஸ்டரில் இருக்கும் டோர்செட் ஹிஸ்டரி சென்டர் என்ற ஆவணக் காப்பகத்துக்கு எழுதி, கட்டணம் கட்டி, ஜானும் மேரியும் 1835-இல் கல்யாணம் செய்த சர்ச் ரெஜிஸ்டரின் பக்கத்தை வாங்கினோம். 1754-லிருந்து கல்யாண ரெஜிஸ்டரில் மாப்பிள்ளையும் பெண்ணும் கையெழுத்தோ குறியோ போட வேண்டும் என்பது சட்டம், அதனால் இதில் இருப்பது அவர்களே போட்டது.

பிரின்ட் எடுத்துக்கொண்டு போனேன். ஆன்ட்டி கண்ணாடிக்கு மேல் பூதக்கண்ணாடியும் வைத்துக்கொண்டு ஜன்னல் பக்கம் போய் நின்று பார்த்தார். ஜானின் குறி இரண்டு நேர்க்கோடு, பெரியது. மேரியுடையது சின்னது, ஒரு பக்கமாகச் சாய்ந்திருக்கிறது, இரண்டு கோடும் சேரும் இடத்தில் மை கொட்டிப் படர்ந்திருக்கிறது. "இங்க பாரு," என்று விரலை வைத்தார். "பேனாவ இதுக்கு முன்னாடி தொட்டதே இல்ல இந்தக் கை. எங்க ஒண்ணாங்கிளாஸ் பசங்க முத நாள் இப்படித்தான் அழுத்துவாங்க. மொன உள்ள போயிடும், எடுக்கத் தெரியாம நின்னுடுவாங்க." அப்புறம் ரொம்ப நேரம் பேசவில்லை. அவருடைய அப்பா சொன்ன நிலம், பெரிய வீடு பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. நான்தான் தயங்கித் தயங்கி, நிலம் எதுவும் இல்லை ஆன்ட்டி, அடுத்தவன் நிலத்தில் கூலி வேலை என்றேன். "அதான் தெரியுதேம்மா," என்றார்.

எவ்வளவு கூலி என்று கேட்டார். அவர்கள் மாவட்டத்திலேயே டால்படில் என்று ஒரு ஊர் இருக்கிறது, 1834-இல் அங்கே ஆறு கூலிக்காரர்கள் சங்கம் சேர்ந்து ரகசிய உறுதிமொழி எடுத்தார்கள் என்று ஆஸ்திரேலியாவுக்கு நாடு கடத்தினார்கள். அவர்கள் சங்கம் சேர்ந்த காரணம், வாரக் கூலி 7 ஷில்லிங்காக இருந்ததை 6 ஆக்கப் போகிறார்கள் என்பது. 20 ஷில்லிங் ஒரு பவுண்டு. நாங்கள் ஒரு படத்துக்குக் கட்டும் 3 பவுண்டு ஜானுக்கு எட்டு வாரக் கூலிக்கும் மேல். ஜான் 1878-இல் செத்தார், இறந்த இடம் பிளாண்ட்ஃபோர்ட் யூனியன் வொர்க்ஹவுஸ். 1834 சட்டத்தின்படி ஏழைகளைச் சேர்க்கும் இடம் அது, வயதாகி உடம்பில் வலு போன கூலிக்காரர்கள் பலரும் கடைசியில் போய்ச் சேர்ந்தது அங்கேதான். முதியோர் பென்ஷன் அந்த நாட்டில் 1909-இல்தான் வந்தது, அதுவும் 70 வயதுக்கு மேல். மகன் ஜேம்ஸ் அப்போது பெங்களூரில் ரயில்வே குவார்ட்டர்ஸில் இருக்கிறார், அப்பா போன செய்தி எப்போது வந்ததோ, வந்ததா என்றே தெரியாது.

எங்கள் தாத்தா கோலார் தங்கவயல் சுரங்கத்தில் வேலை பார்த்தவர். அவருடைய அப்பா வட ஆற்காட்டிலிருந்து நடந்து வந்தவர் என்பதற்கு மேல் எங்கள் வீட்டில் ஒரு துண்டுக் காகிதம் கிடையாது. ஆன்ட்டிக்கு ஜானைத் தேடிக்கொண்டிருக்கும்போதெல்லாம் எனக்கு அந்தக் கொள்ளுத்தாத்தா நினைவுதான் வந்தது. அவரும் ஏஜி லேப்தான். நம் ஊரிலும் 1871-லிருந்து தலை எண்ணினார்கள், ஆனால் வீடு வீடாக எழுதிய தாள்களை எடுத்து வைக்கவில்லை, கூட்டிய எண்ணிக்கை மட்டும்தான் புத்தகமாக இருக்கிறது.

மொத்தச் செலவு, அந்தச் சந்தாத் தளம் தின்றதைக் கழித்துவிட்டால், ஒன்பது படத்துக்கு 27 பவுண்டு, சர்ச் நகலுக்குத் தனி. மூன்று மாதம். இதே வேலையை முடித்துக் கொடுக்கிறேன் என்று ஒருவர் கேட்ட தொகையில் இருபதில் ஒரு பங்குகூட இல்லை. அவசரப்படுகிறவர்களுக்கு இது சரிப்படாது. ஒரு படம் வாங்கி, அதை முழுக்கப் படித்து, அதிலிருந்து அடுத்த கேள்வியைக் கண்டுபிடித்து, அப்புறம் அடுத்த 3 பவுண்டைக் கட்டுங்கள். ஆன்ட்டியும் நானும் ஞாயிற்றுக்கிழமை சர்ச் முடிந்து அவர் வந்ததும் உட்காருவோம், வாரம் ஒரு படம், அதற்கு மேல் இல்லை.

இப்போது தேடிக்கொண்டிருப்பது ஜேம்ஸின் கடைசித் தங்கையை. 1851 சென்சஸில் 2 வயதுக் குழந்தை. 1861-இல் 12 வயது, விம்போர்ன் பக்கத்தில் ஒரு பண்ணை வீட்டில் வேலைக்காரி. 1871-இல் காணவில்லை. கல்யாணம் ஆகிப் பெயர் மாறியிருக்கலாம், ஃப்ரீபிஎம்டியில் அந்தப் பத்து வருஷத்துக்குள் அதே பெயரில் நாலு கல்யாணம் வருகிறது, இறப்பு அட்டவணையில் வயது பொருந்துகிற மாதிரி ஒன்று இருக்கிறது, 1866, வயது 17. அந்தப் படத்தை இன்னும் வாங்கவில்லை. போன ஞாயிறு ஆன்ட்டி ஒரு கவரில் 500 ரூபாய் போட்டுக் கொடுத்துவிட்டு, "மொதல்ல கல்யாணத்த எல்லாம் பாத்துடும்மா, நாலும் இல்லன்னு தெரிஞ்சப்புறம் அத வாங்கு" என்றார். இரண்டு கல்யாணம் பார்த்தாகிவிட்டது, இரண்டும் அவள் இல்லை.